பெற்றோரை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்!

நமது நாட்டுக் குழந்தைகளைப் பற்றி இன்று இரண்டு செய்திகள் ஏக காலத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று பழைய செய்தி: குழந்தைகள் வயிறார உண்ண வழியின்றி வாடுகிறார்கள். மற்றொன்று புதிய செய்தி: குழந்தைகள் அளவுக்கு மீறிப் பருத்து, சிறு வயதிலேயே நோயாளிகளாகிறார்கள். இரண்டும் உண்மை. ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில், சில சமயம் ஒரே வீட்டில்கூட இரண்டையும் காண்கிறோம்.

உலக நாடுகளின் விஞ்ஞானிகள் கூடித் திரட்டிய கணக்கு ஒன்று 2024இல் வெளியாயிற்று. 5 வயது முதல் 19 வயது வரையுள்ள இந்தியச் சிறுவர் சிறுமியரில் உடல் பருமன் நோய்க்கு ஆளானவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் அந்தத் தொகை 1 கோடியே 25 லட்சம்! ஒரு தலைமுறைக் காலத்திற்குள் முப்பது மடங்கு பெருக்கம். 2025இல் ஐ.நா. குழந்தைகள் நிதியம் இன்னொரு செய்தியையும் சொல்லிற்று. இதே வயதினரை உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், எடை குறைந்த குழந்தைகளைவிடப் பருமன் நோய் கொண்ட குழந்தைகளின் தொகை முதல் தடவையாக அதிகமாகிவிட்டது.

கணக்கு வெளியானதும் உபதேசிகள் கிளம்பிவிட்டார்கள். “பெற்றோர் செல்லம் கொடுக்கிறார்கள், கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறார்கள், கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள், தாய்மார்கள் சமைக்கச் சோம்பல்படுகிறார்கள்” என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் தாயும் தகப்பனும் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெரிய பொறுப்பு உண்டு. அது என்ன என்பதைக் கீழே விவரமாகவே சொல்லப்போகிறோம். ஆனால் நாம் கேட்பது ஒன்றுதான்: கூண்டில் நிற்கவேண்டிய மற்றவர்கள் எங்கே? பாக்கெட்டை உற்பத்தி செய்தவன் எங்கே? அதைக் குழந்தையின் கண்ணுக்கு எதிரே தொங்கவிட்டு விளம்பரம் செய்தவன் எங்கே? சட்டத்தை எழுதிவிட்டு அமல் நடத்தாமல் இருக்கும் சர்க்கார் எங்கே? விளையாட்டு மைதானத்தை விழுங்கியவர்கள் எங்கே?

இது பணக்காரர் வீட்டு நோயா?

“பட்டினி கிடக்கிற நாட்டில் பருமனைப் பற்றித் தலையங்கமா? இது பங்களா வாசிகளின் கவலை அல்லவா?” என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்னை நகரில் 51 பள்ளிக்கூடங்களில் சுமார் 19,000 மாணவர்களை அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2014இல் வெளியாயிற்று. தனியார் பள்ளிகளில் 100க்கு 21 பேருக்கு மேல் மிகை எடை அல்லது பருமன் உள்ளவர்கள். சர்க்கார் பள்ளிகளிலோ 100க்கு 4 பேர்கூட இல்லை. ஒரே ஊர், ஒரே வயது, இரண்டு வர்க்கங்கள்! எனவே, இது வசதி படைத்தோர் வீட்டில் தொடங்கிய நோய் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தொடங்கிய இடத்திலேயே அது நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவைப் பாருங்கள், இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கெல்லாம் இன்று பருமன் நோய் அதிகமாகப் பீடிப்பது ஏழைகளின் பிள்ளைகளையே. பணக்காரன் பழமும் காய்கறியும் மீனும் வாங்கித் தின்று, பணம் கட்டி விளையாடி, உடம்பைக் குறைத்துக்கொண்டான். மாவும் எண்ணெயும் சர்க்கரையும் கலந்த மலிவுச் சரக்கு ஏழையின் தலையில் கட்டப்பட்டது. அதே பாதையில்தான் நமது நாடும் இழுத்துச் செல்லப்படுகிறது.

தமிழ்நாட்டு நிலைமை என்ன? சர்க்காரே நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) கூறுவதைப் பார்ப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் எடை குறைந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ரத்த சோகை உள்ளவர்கள். மிகை எடை கொண்டவர்கள் 4 பேர்தான். ஆனால் அதே ஆய்வில் வயது வந்த பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடை அல்லது பருமன் உள்ளவர்கள்! ஐந்து வயதில் மெலிந்து கிடக்கும் பிள்ளை, முப்பது வயதில் பருத்துவிடுகிறது. நடுவில் என்ன நடக்கிறது? பள்ளிப் பருவம் நடக்கிறது. அந்தப் பருவத்தில்தான் கம்பெனிகள் வலை வீசுகின்றன.

இன்னொரு உண்மையையும் உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ளவேண்டும். புனே நகரத்து மருத்துவ விஞ்ஞானி சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவரது சகாக்களும் பல ஆண்டுகள் கிராமத்துத் தாய்மார்களையும் சிசுக்களையும் ஆராய்ந்தார்கள். தாய் போதிய ஊட்டமின்றி இருந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. பார்ப்பதற்கு ஒல்லி, ஆனால் அந்தச் சின்ன உடம்பில் தசை குறைவு, கொழுப்பின் பங்கு அதிகம். அந்தப் பிள்ளை பின்னால் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த உணவில் வளர்ந்தால், நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வந்து சேருகின்றன. பட்டினியும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்று நினைப்பது தவறு. தாயின் வயிற்றில் பட்டினி விதைத்ததை, பிள்ளையின் உடம்பில் கம்பெனி அறுவடை செய்கிறது!

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வந்தால் வைத்தியம் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் வந்தால்? உடல் உழைப்பைத் தவிர வேறு மூலதனம் இல்லாதவனின் மூலதனமே பறிபோகிறது. அதனால்தான் இது நமது பிரச்னை என்கிறோம்.

நார்த்தாமலைக்கு வந்த புதிய வியாபாரி

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் உள்ள நார்த்தாமலையை எடுத்துக்கொள்வோம். குன்றுகள் சூழ்ந்த பழைய ஊர். மேலமலையில் விஜயாலய சோழீச்வரமும், குடைவரைக் கோயில்களும் உள்ளன. நகரத்தார்மலை என்ற பெயரே நார்த்தாமலை ஆயிற்று என்பர். சோழர் காலத்தில் வணிகர் சபையான ‘நகரம்’ நிர்வாகம் செய்த ஊர் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. நிலமும் அதிகாரமும் அன்றும் சிலர் கையில்தான் இருந்தன. ஆனால் அன்றைய வியாபாரிக்கு ஒரு முகம் இருந்தது, ஊரில் ஒரு வீடு இருந்தது. சரக்கு கெட்டிருந்தால் அவன் வாசலில் போய்க் கேட்கலாம்.

இன்றைய வியாபாரி யார்? அவன் முகம் தெரியாது. அவனுடைய தலைமைக் காரியாலயம் மும்பையிலோ டில்லியிலோ, கடலுக்கு அப்பாலோ இருக்கிறது. ஆனால் அவனுடைய சரக்கு பஸ் நிற்கும் இடத்துப் பெட்டிக்கடை வரையில் வந்துவிடுகிறது. நார்த்தாமலை மட்டும் இதற்கு விலக்கா? தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், குடிதண்ணீர்க் குழாய் வராத தெருவிலும் பாக்கெட் சரம் தொங்குகிறது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பளபளக்கிறது. விலை ஐந்து ரூபாய். சில வகைகள் பத்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய் என்ற விலை தற்செயலாக வைக்கப்பட்டதா? இல்லை. பிள்ளையின் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்று கணக்குப் பார்த்து வைக்கப்பட்ட விலை அது. விலைவாசி ஏறினாலும் ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே இருக்கும். பாக்கெட்டின் எடைதான் குறையும். ஒரு வாழைப்பழத்தின் விலையும் ஒரு முட்டையின் விலையும் சந்தைக்குச் சந்தை ஏறி இறங்க, குழந்தையின் கைக்கு எப்போதும் எட்டுகிற பொருளாகப் பாக்கெட் ஒன்றே நிற்கிறது.

இந்த வட்டாரத்து உழைப்பாளி மக்களின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. ஏரியும் கண்மாயும் நிறைந்தால் விவசாயம். இல்லாவிட்டால் கல் உடைப்பு, கட்டட வேலை, வெளியூர்க் கூலி. விடிவதற்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்புகிற தாய், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது வீட்டில் இருக்கமுடிவதில்லை. “இதை வைத்துக்கொள், ஏதாவது வாங்கித் தின்னு” என்று ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பொழுது சாய்ந்து வீடு திரும்பும் தகப்பன், வெறுங்கையோடு வர மனமின்றி ஒரு பாக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு வருகிறான். அது அவனுடைய அன்பு. எட்டு மணி நேர வேலையும், வாழத் தகுந்த கூலியும், பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட ஓய்வும் கிடைத்திருந்தால் அந்த அன்பு வேறு உருவம் எடுத்திருக்கும். ஓய்வைப் பறித்துக்கொண்ட சமுதாயம், அன்புக்குப் பதிலாக ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்திருக்கிறது. பிறகு, “ஏன் வாங்கிக் கொடுத்தாய்?” என்று அதே சமுதாயம் அதட்டுகிறது!

கொழுப்பது யார்?

உப்பும் சர்க்கரையும் எண்ணெயும், நிறமும் மணமும் சேர்த்து ஆலைகளில் தயாராகும் தின்பண்டங்களின் விற்பனை நமது நாட்டில் 2006இல் சுமார் 90 கோடி டாலர். 2019இல் சுமார் 3,790 கோடி டாலர். இதைச் சொல்வது எதிர்க்கட்சி மேடை அல்ல. மத்திய சர்க்காரின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, கடுமையான முத்திரை விதிகளும் கூடுதல் வரியும் வேண்டும் என்று எழுதிற்று. குழந்தையின் உடம்பில் ஏறிய ஒவ்வொரு ராத்தலுக்கும் எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் லாபம் ஏறியிருக்கிறது.

கோலா வகைப் பானத்தில் 300 மில்லி எடுத்தால், அதில் சுமார் 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. வீட்டில் ஒரு தம்ளர் காப்பியில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டால் எந்தத் தாயாவது சும்மா இருப்பாளா? புட்டியில் அடைத்து, சினிமா நட்சத்திரத்தின் கையில் கொடுத்து, கிரிக்கெட் வீரனின் வாயில் வைத்துக் காட்டினால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொட்டில் குழந்தையைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள ‘பப்ளிக் ஐ’ என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் உண்மையை அம்பலப்படுத்திற்று. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற செரலாக் குழந்தை உணவில், ஒரு வேளைக்குச் சராசரியாகச் சுமார் 3 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அதே கம்பெனி விற்ற அதே வகை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை! வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நியாயம், நமது குழந்தைக்கு ஒரு நியாயமா? நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அதே ஆண்டிலேயே, சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இந்தியாவில் கொண்டுவருவதாகக் கம்பெனி அறிவித்தது. முடியாது என்பதல்ல, கேட்பாரில்லை என்பதால் நடந்தது. கேட்டால் மாறும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

சட்டம் உண்டு, அமல் எங்கே?

பள்ளிக்கூடத்திற்குள்ளும், அதன் சுற்றெல்லையிலிருந்து 50 மீட்டர் தூரத்திற்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகார அமைப்பு 2020இலேயே விதி வகுத்துவிட்டது. எத்தனை பெற்றோருக்கு இந்த விதி தெரியும்? எத்தனை பள்ளிக்கூட வாசல்களில் அது அமலில் இருக்கிறது? வாசகர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியின் வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் நடந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

பாக்கெட்டின் முன்புறத்தில், படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் அறியும்படி எச்சரிக்கை போடவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 2022இல் சர்க்கார் ஒரு நகல் விதி வெளியிட்டது. அதில் எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரங்கள்! தீமை செய்யும் பண்டத்துக்கும் அரை நட்சத்திரம், ஒரு நட்சத்திரம் என்று மார்க் போடும் திட்டம். இது யாருக்குச் சாதகம் என்று சொல்லவும் வேண்டுமா? 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மூன்று மாதத்தில் முடிவு காணுமாறு கூறிற்று. ஜூலையில் மேலும் மூன்று மாதத் தவணை வாங்கப்பட்டது. தவணை ஒவ்வொன்றும் கம்பெனிக்கு லாபம், குழந்தைக்கு நஷ்டம்.

அதே 2025இல் வரி விஷயத்தில் மட்டும் எவ்வளவு வேகம்! குளிர்பானங்களை 40 சதவிகித வரியில் வைத்தது சரிதான். ஆனால் பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், பாக்கெட் காரவகைகள் ஆகியவற்றின் வரி 5 சதவிகிதமாக இறக்கப்பட்டது. பொருளாதார ஆய்வறிக்கை வரியைக் கூட்டச் சொன்னது ஜனவரியில்; கவுன்சில் வரியைக் குறைத்தது செப்டம்பரில்! மக்களுக்குச் சலுகை என்றார்கள். சலுகை பருப்புக்கும் பாலுக்கும் பழத்துக்கும் முட்டைக்கும் கிடைக்கவேண்டும். ஐந்து ரூபாய் வலைக்கு எதற்கு?

முடியாத காரியமா இது? தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்று அலெண்டே சர்க்கார் ஒரு காலத்தில் திட்டம் போட்ட நாடு அது. அங்கே 2016இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு நிற எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது. அதன்மேல் குழந்தைகளை மயக்கும் பொம்மைப் படம் போடக்கூடாது. முதல் கட்டத்திலேயே சர்க்கரைப் பானங்கள் வாங்குவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சிலி நாட்டுத் தாய்மார்கள் திடீரென்று நல்ல தாய்மார்களாக மாறிவிட்டார்களா? இல்லை. சட்டம் அவர்கள் பக்கம் வந்து நின்றது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் பெற்றோர் செய்யவேண்டியது

அப்படியானால் சட்டம் வரும்வரை பெற்றோர் கைகட்டிக்கொண்டு இருக்கவேண்டுமா? கூடாது. குழந்தை இன்று வளர்கிறது. சட்டசபை கூடும்வரை அது காத்திருக்காது. வீட்டில் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. சில பழக்கங்களை விடவேண்டும்.

முதலாவது, கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்ற எண்ணத்தை விடவேண்டும். பஞ்சத்தில் அடிபட்ட பரம்பரை நாம். பருத்த குழந்தையைக் கண்டால் மனம் குளிர்வது இயல்பு. போதும் என்று தலையைத் திருப்பும் பிள்ளையை மடக்கி இன்னும் நாலு கவளம் திணிப்பது அந்தப் பழைய பயத்தின் மிச்சம். குழந்தையின் வயிறு சொல்வதை நம்பலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். இரண்டு வயது வரையில் சர்க்கரை சேர்க்கவே வேண்டியதில்லை என்பது மருத்துவர்களின் அபிப்பிராயம்.

இரண்டாவது, தின்பண்டத்தைக் கூலியாகவும் லஞ்சமாகவும் கொடுக்கக்கூடாது. “அழாமல் இருந்தால் சாக்லேட்”, “மார்க் வாங்கினால் கூல்டிரிங்க்” என்று பழக்கினால், சந்தோஷம் என்றால் இனிப்பு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. திருவிழாவுக்கு ஒரு நாள் ஐஸ் தின்றால் குடி முழுகிவிடாது. நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்குப் போய்ப் பிள்ளை வெறுங்கையோடு திரும்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் திருவிழாவாக ஆவதுதான் அபாயம்.

மூன்றாவது, வேளைக்கு உணவு, வீட்டு உணவு. நிலக்கடலை விளையும் மாவட்டம் இது. அவித்த கடலை, சுண்டல், கேழ்வரகு அடை, கம்பங்கூழ், முருங்கைக்கீரை, மோர், கொய்யா இவையெல்லாம் ஏழ்மையின் சின்னங்கள் என்று வெட்கப்பட வைத்தது விளம்பரம். அந்த வெட்கத்தை உதறுவோம். தாகத்துக்குத் தண்ணீர்.

நான்காவது, ஓட்டமும் உறக்கமும். பள்ளிப் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்கும் விளையாட்டு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுப்பாடமும் டியூஷனும் அந்த ஒரு மணியைத் தின்றுவிட்டன. மீதத்தைச் செல்போன் தின்கிறது. உண்ணும்போது திரை வேண்டாம். உறங்கும் இடத்தில் திரை வேண்டாம். பெற்றோர் தங்கள் கையிலுள்ளதையும் அப்போது கீழே வைக்கவேண்டும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வயதுக்கு வந்ததும் தெருவில் ஓடக்கூடாது, பந்து தொடக்கூடாது, சைக்கிள் வேண்டாம் என்று வீட்டுக்குள் அடைத்து வைக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. இது நிலப்பிரபுத்துவத்தின் எச்சம். அந்தப் பெண்ணின் எலும்பையும் இருதயத்தையும் அது அரிக்கிறது.

ஐந்தாவது, பிள்ளையைப் பரிகாசம் செய்யாதீர்கள். ‘குண்டு’ என்று தெருவும் வகுப்பும் அழைப்பது போதாதென்று, சொந்த வீட்டிலும் அதே பட்டமா? ஏச்சினால் எந்தக் குழந்தையும் மெலிந்ததில்லை. ஒளிந்து தின்னப் பழகுகிறது. மனிதர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. வளரும் பிள்ளையைப் பட்டினி போடவும் கூடாது. உயரம் கூடும்போது எடை கூடாமல் நின்றாலே பல குழந்தைகளுக்குப் போதும். அதிக எடையுள்ள குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் மருத்துவரின் யோசனைப்படி நடக்கவேண்டும். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போடாமல், குடும்பம் முழுவதும் சேர்ந்து மாறவேண்டும்.

பெற்றோர் என்றால் தாய் மட்டும் அல்ல. வயல் வேலையும் குவாரி வேலையும் செய்துவிட்டு வந்து அடுப்பூதுகிறவளிடமே இந்தச் சுமையையும் ஏற்றிவிட்டு, தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து குறை சொல்வது அநியாயம். அரிசி களைவதும் காய் நறுக்குவதும் ஆணின் கௌரவத்தைக் குறைக்காது.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

வீட்டுக்குள் செய்யவேண்டியதைச் சொன்னோம். ஆனால் பெற்றோரின் பாத்திரம் வாசற்படியோடு முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதே நமது உறுதியான கருத்து. ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கலாம். ஆயிரம் தாய்மார்கள் சேர்ந்தால்தான் பள்ளிக்கூட வாசலிலிருந்து அதை அகற்றமுடியும்.

இது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிய பாடம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறியாத பெண்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். வயல் கூலிகள், கல் உடைப்போர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் என ஒரு லட்சம் பெண்கள் அளவில் சைக்கிள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பெண்கள் பெடலை நிறுத்தவில்லை. காண்டிராக்டர்களின் பிடியில் இருந்த கல் குவாரிகளில் சில, பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. அன்று அவர்கள் கேட்டது எழுத்தை. பெற்றது தன்மானத்தையும் சேர்த்து. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று கம்பெனிகள் குறிவைக்கின்றன. பாட்டிமார்கள் சைக்கிளில் வென்ற தெருவில், பேத்திகள் ஓடி விளையாட உரிமை வேண்டாமா?

கருவிகள் நமது கையில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கா அந்தக் குழு? ஐம்பது மீட்டர் விதியை அமல் நடத்தச் சொல்லித் தீர்மானம் போடலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. விளையாட்டு மைதானத்துக்கு இடம் கேட்டு, ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்டு அங்கே குரல் எழுப்பலாம். பெட்டிக்கடைக்காரர் நமது எதிரி அல்ல. அவரும் அன்றாடம் காய்ச்சிதான். கடலையும் சுண்டலும் பழமும் விற்க அவருக்கு வழிசெய்து கொடுப்பதும் நமது கடமை.

ஒன்றை மறக்கக்கூடாது. பள்ளியில் சோறு என்பது தமிழ்நாடு நாட்டுக்கே காட்டிய வழி. 1956இல் காமராஜர் ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023இல் சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. யார் ஆட்சியில் வந்தது என்று பார்த்து நன்மையை மறுக்கும் வழக்கம் நமக்கில்லை. காலையில் உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் தின்ற பிள்ளை, பதினொரு மணிக்குப் பாக்கெட்டைத் தேடி ஓடாது. எனவே பருமனைத் தடுக்கும் திட்டமும் பட்டினியைத் தடுக்கும் திட்டமும் ஒன்றே: எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல உணவு.

நாம் கோருவது

பள்ளியைச் சுற்றி ஐம்பது மீட்டர் விதியைத் தமிழ்நாடு சர்க்கார் உடனே அமல் நடத்தவேண்டும். அதை மேற்பார்வையிடும் அதிகாரம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வழங்கப்படவேண்டும்.

நட்சத்திர மோசடி வேண்டாம். சிலியைப்போல் பாக்கெட்டின் முகப்பில் தெளிவான எச்சரிக்கை முத்திரை, தமிழிலும் வேண்டும். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களை மத்திய சர்க்கார் தடை செய்யவேண்டும்.

காலை உணவை எட்டாம் வகுப்பு வரையிலும், அதற்கு அப்பாலும் விஸ்தரிக்கவேண்டும். சத்துணவில் காய்கறியையும் பயறையும் கூட்டவேண்டும். அதைச் சமைக்கும் பெண்களுக்கு நியாயமான ஊதியம் வேண்டும்.

ரேஷனில் கேழ்வரகும் கம்பும் வேண்டும். பருப்பு கூடுதலாக வேண்டும். கடலை பயிரிடும் விவசாயி விலை கிடைக்காமல் தவிக்கும் நாட்டில், வெளிநாட்டுப் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் தரவேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்கிறது; நூறு பேருக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்வி போதிக்கப் பகுதிநேர ஆசிரியராவது வேண்டும் என்கிறது. சட்டம் காகிதத்தில் கிடக்கிறது. அதைத் தரையில் இறக்கவேண்டும். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தவேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு முழு ஊட்டமும், உழைக்கும் பெண்களுக்குச் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பும், வேலையிடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். குவாரியிலும் வயலிலும் கட்டட வேலையிலும் உழைப்போருக்கு இவை இல்லாத வரையில், தாய்ப்பாலின் மகிமையைப் பற்றிய பிரசங்கம் வெறும் கேலிக்கூத்து.

நார்த்தாமலையின் பிள்ளைகளுக்கும், நாடெங்கும் உள்ள உழைப்பாளி மக்களின் பிள்ளைகளுக்கும் நாம் கேட்பது தர்மம் அல்ல. நல்ல உணவும், ஓட ஒரு மைதானமும், பிள்ளையோடு உட்கார்ந்து உண்ண ஓய்வுள்ள பெற்றோரும். பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். ஐம்பது மீட்டரை அளக்க ஒரு கயிற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்!